கோழி மருத்துவர் பதில்கள்: மருந்தைக் கேட்கும் முன் கூண்டைப் பாருங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வரிதான். "ஐயா, கோழி தூங்கி விழுகிறது, என்ன மருந்து?" தூங்கி விழுவது நோயின் பெயர் இல்லை. வெள்ளைக் கழிச்சல் வந்தாலும் தூங்கும், குடல்புழு இருந்தாலும் தூங்கும், ராத்திரி முழுக்க உண்ணி கடித்து உறக்கம் கெட்டாலும் பகலில் தூங்கும். எழுதும்போது எச்சத்தின் நிறம், கோழியின் வயது, கூண்டுத் தரை ஈரமா காய்ந்திருக்கிறதா என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். துறையூர், முசிறி, நாமக்கல் பக்கம் கால்நடை மருந்தகங்களில் முப்பத்து நான்கு வருடம் உட்கார்ந்தவன் நான். கோழியின் முகத்தைவிட அதன் எச்சம் எனக்கு அதிகம் சொல்லும்.

என்னிடம் 40 நாட்டுக்கோழிகள் இருந்தன. போன மாதம் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து மூன்று செத்தன. உடனே எல்லாவற்றுக்கும் தடுப்பூசி போட்டேன். அடுத்த நான்கு நாளில் 22 போய்விட்டன. மிஞ்சியவற்றில் இரண்டு கழுத்தைத் திருகிக்கொண்டு வானத்தைப் பார்க்கின்றன. ஊசிதான் கொன்றுவிட்டதா? (வாசகி, மணப்பாறை)

ஊசி கொல்லவில்லை அம்மா. தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

நீங்கள் சொல்லும் அடையாளம் எல்லாம் வெள்ளைக் கழிச்சலுக்கு உரியவை. ராணிக்கெட் நோய் என்றும் சொல்வார்கள். உத்தராகண்டில் குமாவுன் மலையில் இருக்கிற ஊர் அது. 1920-களின் கடைசியில் இந்தியாவில் இந்த நோயை அங்கே கண்டறிந்ததால் அந்த ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டது. அதே காலத்தில் இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊரிலும் கண்டார்கள். உலகம் நியூகாசில் நோய் என்கிறது, நாம் ராணிக்கெட் என்கிறோம். இரண்டும் ஒன்றேதான். இது வைரஸ். வந்தபின் தீர்க்க மருந்து கிடையாது. வெங்காயம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். தவறில்லை, கொஞ்சம் தெம்பு கொடுக்கும். ஆனால் அது இந்த வைரஸை நிறுத்திவிடும் என்று நம்பி இரண்டு நாளை விட்டுவிடக் கூடாது.

கிருமி உள்ளே போன பிறகு நோய் வெளியே தெரிய பெரும்பாலும் ஐந்தாறு நாள் ஆகும். முதல் மூன்று கோழி சாகும்போதே மற்றவற்றில் பல உள்ளுக்குள் நோயைச் சுமந்துகொண்டு பார்வைக்கு நன்றாகத்தான் மேய்ந்திருக்கும். தடுப்பூசி வேலை செய்யவும் ஒரு வாரத்துக்குக் குறையாமல் வேண்டும். நோய் ஜெயித்துவிட்டது. போதாக்குறைக்கு ஒரே ஊசியை வைத்து நாற்பது கோழிக்கும் குத்தியிருந்தால் நாமே கிருமியைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பரிமாறியது போல ஆகும்.

செத்ததில் புதிதான ஒன்றை இரண்டு பாலித்தீன் பையில் கட்டி மருந்தகத்துக்குக் கொண்டுபோயிருந்தால் பத்து நிமிடத்தில் ஓரளவு தெரிந்திருக்கும். அரைவைப்பை என்று ஒன்று இருக்கிறதே, மணலும் பொடிக்கல்லும் நிறைந்திருப்பது, அதற்குச் சற்று மேலே சுண்டுவிரல் பருமனில் ஒரு சின்ன இரைப்பை இருக்கும். கீறி விரித்தால் உள்சுவர் முழுக்க சின்னச் சின்னக் காம்புகளாகச் சுரப்பிகள் நிற்கும். வெள்ளைக் கழிச்சலில் அந்தக் காம்புகளின் நுனியில் குண்டூசித் தலை அளவுக்கு ரத்தப் புள்ளிகள் இருக்கும். முதல்முறை பார்க்கிறவர்கள்கூட மறக்க மாட்டார்கள். ஆனால் இதை நீங்கள் வீட்டில் அறுத்துப் பார்க்க வேண்டாம். திடீரென்று கூட்டமாகச் சாகிற நோய்களில் பறவைக் காய்ச்சலும் ஒன்று. வெளியில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அப்படிச் சாவு விழுந்தால் மருந்தகத்துக்குச் சொல்லிவிட வேண்டும். செத்ததைச் சமைக்கக் கூடாது, கிணற்றிலோ வாய்க்காலிலோ வீசக் கூடாது. ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சாவு ஆரம்பித்ததும் மிச்சத்தைச் சந்தையில் தள்ளிவிட்டவர்கள் உங்கள் பக்கம் யாராவது உண்டா? அல்லது பத்து நாளுக்கு முன் சந்தையிலிருந்து ஒரு சேவல் வாங்கிவந்து நேராக உங்கள் கோழிகளோடு விட்டீர்களா? நான் பார்த்த பத்தில் எட்டு வீட்டில் கதை இங்கேதான் தொடங்கியிருக்கிறது. புதுக்கோழி எதுவானாலும் மூன்று வாரம் தனிப் பஞ்சாரத்தில், தனித் தண்ணீர்ச் சட்டியோடு இருக்கட்டும்.

இனி செய்ய வேண்டியது. பிழைத்தவற்றில் கழுத்து திருகியது நேராக மாதக்கணக்கில் ஆகலாம், ஆகாமலும் போகலாம். கையால் ஊட்டினால் இழுத்துக்கொண்டு இருக்கும். கூண்டைச் சுரண்டி, கழுவி, சுண்ணாம்பு அடித்து, வெயில் பட ஒன்றரை மாதமாவது காலியாகப் போடுங்கள். அப்புறம் புதுக்குஞ்சு. அதற்கு ஐந்திலிருந்து ஏழாம் நாளுக்குள் கண்ணில் தடுப்பு மருந்து ஒரு சொட்டு. நான்காம் வாரத்தில் லசோட்டா என்கிற சொட்டு. எட்டு வாரம் முடிந்ததும் இறக்கையில் தோலுக்கடியில் அரை மில்லி ஊசி. அரசு கால்நடைத் துறை வருடாவருடம் பிப்ரவரியில் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது, இலவசம். மாசி, பங்குனி வெயிலில்தான் இந்த நோய் ஆடும், அதற்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மாதம்.

ஊசி போட்டும் செத்தது என்று சொல்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், பங்குனி மாதம், அம்மா வளர்த்த 18 கோழிகளுக்குப் போட வேண்டும் என்று மருந்துக் குப்பியைக் கைக்குட்டையில் சுற்றிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். இரண்டு மணி நேரப் பயணம். ஐஸ் வைத்த ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் நிற்கக் கூச்சம், வேறொன்றும் இல்லை. முறைப்படி கரைத்து, முறைப்படி போட்டேன். உள்ளே இருந்த உயிர்க்கிருமி என் தொடைச் சூட்டிலேயே செத்துப்போயிருந்தது. மூன்றே வாரத்தில் தெருவுக்குள் கழிச்சல் வந்தது. பதினெட்டில் பதினாறு போய்விட்டன. "ஊருக்கெல்லாம் டாக்டர், என் கோழிக்கு மட்டும் எமன்" என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதிலிருந்து ஐஸ் இல்லாமல் யாராவது தடுப்பு மருந்து கேட்டு வந்தால் நான் கொடுத்ததில்லை.

மொட்டை மாடியில் நான்கு பெட்டைக்கோழிகள். ஐப்பசி பிறந்ததிலிருந்து இறகு கொட்டுகிறது, கழுத்தே தெரிகிறது. முட்டையும் நின்றுவிட்டது. நன்றாகத் தின்கின்றன. பயமாக இருக்கிறது. (வாசகர், தாம்பரம்)

பயப்படாதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை பழைய இறகை உதிர்த்துப் புதிது போட்டுக்கொள்கின்றன. பகல் குறுகும்போது இது நடக்கும், அப்போது முட்டை நிற்கும். விரலால் தோலைத் தொட்டுப் பாருங்கள், முள்ளு முள்ளாகப் புதுக்குருத்து குத்தும். இறகு முழுக்கப் புரதம் என்பதால் கருவாட்டுத்தூளோ கடலைப் பிண்ணாக்கோ கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். கருவாட்டில் உப்பு அதிகம், ஊறவைத்துக் கழுவிக் காயவைத்த பிறகே பொடியுங்கள். ஒன்றரை, இரண்டு மாதத்தில் சரியாகிவிடும். குருத்தே வராமல் தோல் சிவந்து வழுக்கையாக இருந்தால் மட்டும் ஒன்றையொன்று கொத்துகின்றனவா என்று பாருங்கள். மாடியில் நான்குக்கும் இடம் போதவில்லை என்று அர்த்தம்.

அடையில் வைத்த கோழி பதினான்காம் நாள் எழுந்து வந்துவிட்டது. கூடைக்கே போக மாட்டேன் என்கிறது. முட்டையைத் தொட்டால் என் கையெல்லாம் அரிக்கிறது. (வாசகி, அறந்தாங்கி)

உங்கள் கையே பதிலைச் சொல்லிவிட்டது. கூடையில் செள்ளு, அதாவது பேன், உண்ணி மாதிரியான பொடிப்பூச்சி, ஏறியிருக்கிறது.

எழுந்து வந்த கோழியை "பொறுப்பில்லாதது" என்று திட்டுகிறோம். இருபத்தொரு நாள் அசையாமல் உட்கார வேண்டிய உடம்பில் ஆயிரக்கணக்கில் மேய்ந்தால் நானும் எழுந்துதான் போவேன். அடைக்கோழி மண்ணில் புரண்டு குளிப்பதும் குறைந்துவிடுகிறது. அதனால்தான் அடைக்கூடையில் செள்ளு இவ்வளவு வேகமாகப் பெருகுகிறது.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் கோழியைப் பிடித்து ஆசனவாய்க்குக் கீழே இறகைப் பிரித்துப் பாருங்கள். வைக்கோல் நிறத்தில் ஓடினால் அது பேன். கோழியின் மேலேயே வாழும், இறகின் அடியில் வெள்ளைக் கொத்தாக முட்டை ஒட்டியிருக்கும். பேன் என்றால் கோழிக்கு வைத்தியம். கோழி மேல் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் கூடை விளிம்பிலும் மூங்கில் கணுவிலும் மிளகாய்த்தூளைச் சிந்தியது போல் நகர்கிறது என்றால் அது ரத்தம் குடிக்கும் சிற்றுண்ணி. பகலில் இடுக்கில் கிடக்கும், இரவில் ஏறும். அப்போது வைத்தியம் கூண்டுக்கு. கோழிக்கு மட்டும் மருந்து தடவிவிட்டுக் கூண்டை விட்டால் நாலாம் நாள் திரும்ப வரும்.

இன்னும் பெரியதாக, தட்டையாக, அவரை விதை சைஸில் சாம்பல் நிறத்தில் சுவர் இடுக்கில் கிடப்பது கோழி உண்ணி. அதுவும் இரவில்தான் குடிக்கும். ரத்தம் கிடைக்காமலே மாதக்கணக்கில், ஏன் ஒரு வருடத்துக்கு மேலும் இடுக்கில் பட்டினி கிடக்கும். "மூன்று மாதம் கூண்டு காலியாகத்தான் கிடந்தது சார்" என்பார்கள். உண்ணிக்கு அது ஒரு தூக்கம்.

நீங்கள் இன்று செய்ய வேண்டியது: அந்தக் கூடையையும் வைக்கோலையும் கொளுத்திவிடுங்கள். முட்டைகளை உலர்ந்த துணியால் மெதுவாகத் துடைத்து (கழுவ வேண்டாம்) வேறு அடைக்கோழி பக்கத்து வீட்டில் இருந்தால் அன்றைக்கே அதனடியில் வையுங்கள். இரண்டாவது வாரம் தாண்டிய கரு ஒரு சாயங்காலம் குளிர்ந்ததைத் தாங்கிவிடலாம். இருட்டில் டார்ச் மேல் வைத்துப் பாருங்கள், உள்ளே அசைந்தால் உயிர் இருக்கிறது. அடுத்த முறை மண்சட்டியில் ஆற்றுமணல், அடுப்புச் சாம்பல், காய்ந்த வேப்பிலைப் பொடி கலந்து, மேலே புது வைக்கோல் போட்டு அடை வையுங்கள். கூண்டுச் சுவரின் இடுக்கெல்லாம் சுண்ணாம்பு பூசி அடையுங்கள். கல், சிமெண்டு, இரும்பு என்றால் கோழியை வெளியே விட்டுவிட்டுத் தீப்பந்தம் காட்டலாம். கீற்று வேய்ந்தது என்றால் தயவுசெய்து வேண்டாம். உப்பிலியபுரம் பக்கம் ஒருவர் என் பேச்சைக் கேட்டு உண்ணியைக் கொளுத்தப் போய்த் தொழுவத்தையே கொளுத்திவிட்டார். மாடு தப்பியது. அவர் வீட்டம்மா அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை.

பூச்சிக்கொல்லி தெளிப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வயலுக்கு அடிக்கிற மருந்தைக் கோழி மேல் அடிக்காதீர்கள். கால்நடைக்கென்று இருப்பதை, மருத்துவர் சொன்ன அளவில் மட்டும்.

காலையிலிருந்து பெட்டைக்கோழி வாலைக் கீழே போட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறது, முக்குகிறது, முட்டை வரவில்லை. என்ன செய்வது? (வாசகர், பெரம்பலூர்)

தம்பி, இது கடிதம் எழுதும் நோய் இல்லை. உங்கள் கடிதம் எனக்கு வந்து சேரவே ஐந்து நாள் ஆயிற்று. முட்டை அடைத்து நிற்கிறது. அடுத்த முறை இப்படி நின்றால் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்து, கோழியின் அடிவயிறு மூழ்கும்படி கால்மணி நேரம் உட்கார வையுங்கள். துடைத்து, ஆசனவாயில் தேங்காயெண்ணெய் விட்டு, இருட்டான சூடான இடத்தில் விடுங்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் இட்டுவிடும். வயிற்றை அமுக்கிப் பிதுக்காதீர்கள், உள்ளே உடைந்தால் கோழி பிழைக்காது. அன்றைக்குள் வராவிட்டால் மருந்தகம். கிளிஞ்சல் தூளை ஒரு சிரட்டையில் தனியாக எப்போதும் வைத்திருங்கள், தேவைப்படும் கோழி தானே கொத்திக்கொள்ளும்.

ஒரு மாதக் குஞ்சுகள் 30. மழை நாலு நாள் விடாமல் பெய்தது. இறகைச் சிலிர்த்துக் குறுகி நிற்கின்றன, எச்சத்தில் ரத்தம். கடையில் கொடுத்த மருந்தோடு சத்து டானிக்கும் சேர்த்துத் தண்ணீரில் கலந்து கொடுக்கிறேன். கேட்கவில்லை. (வாசகி, லால்குடி)

எச்சத்தின் நிறம், வயது, மழை மூன்றையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். இந்த மாதத்தின் நல்ல கடிதம் இது.

ரத்தக் கழிச்சல். மூன்றிலிருந்து எட்டு வாரத்துக்குள் இருக்கும் குஞ்சுகளைத்தான் அதிகம் பிடிக்கும். குடல் சுவருக்குள் புகுந்து பெருகும் ஒரு செல் ஒட்டுண்ணி இதற்குக் காரணம். எச்சத்தோடு வெளியே வரும் அதன் முட்டை உடனே தொற்றாது. ஈரமும் கதகதப்பும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முதிர்ந்து விஷமாகும். காய்ந்த தரையில் கிடந்தால் பெரும்பகுதி வீணாகிவிடும். நாலு நாள் மழையில் உங்கள் குஞ்சுக் கூண்டு அதற்கு நாற்றங்கால் ஆகிவிட்டது.

கடைக்காரர் கொடுத்தது ஆம்ப்ரோலியம் என்று நீங்கள் அனுப்பிய மருந்து அட்டையின் படத்தில் தெரிகிறது. சரியான மருந்துதான். கேட்காததற்குக் காரணம் அந்த டானிக். ஆம்ப்ரோலியம் பார்ப்பதற்கு பி1 வைட்டமின் மாதிரியே இருக்கும் ஒரு போலி. ஒட்டுண்ணி அதை வைட்டமின் என்று நினைத்து எடுத்துக்கொண்டு பட்டினியில் சாகும். நீங்கள் பக்கத்திலேயே நிஜ வைட்டமினையும் கரைத்து வைத்தால் அது ஏன் சாகப் போகிறது? டானிக்கை நிறுத்துங்கள். மருந்தை அட்டையில் போட்ட அளவில் ஐந்து முதல் ஏழு நாள், வேறு தண்ணீர் எதுவும் வைக்காமல். முடித்த பிறகு டானிக் கொடுக்கலாம்.

மருந்தைவிட முக்கியம் தரை. ஈரமான உமியை முழுக்க அள்ளி வெளியேற்றுங்கள். புது உமியோ தேங்காய் நாரோ இரண்டு அங்குலம் போட்டு, தண்ணீர்ச் சட்டியைச் செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். குஞ்சு சட்டிக்குள் காலை வைத்து அதே காலோடு தீவனத்தில் ஏறுவதில்தான் பாதி நோய் போகிறது. ஒரு கைப்பிடி உமியை எடுத்து இறுக்கிப் பிடித்து விடுங்கள். உருண்டையாக நின்றால் இன்னும் ஈரம். உதிர்ந்தால் சரி. பினாயில் ஊற்றுவது வீண், இந்த முட்டைகள் அதற்குச் சாகாது.

சேவல் கொண்டையிலும் கண்ணோரத்திலும் கறுப்புக் கொப்புளம். அம்மை என்கிறார்கள். வீட்டில் இரண்டு வயதுப் பேரன் இருக்கிறான். (வாசகர், கரூர்)

கோழி அம்மை வேறு, மனிதருக்கு வருவது வேறு. பேரனுக்கு ஒட்டாது. கொசுவும் காயமும்தான் கோழிகளுக்குள் பரப்பும். பொருக்கைப் பிய்க்காதீர்கள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்த விழுதைத் தடவினால் ஈ மொய்ப்பது குறையும். மூன்று நான்கு வாரத்தில் தானே உதிரும். கண் மூடிக்கொண்டால் வெதுவெதுப்பான உப்புநீரில் துடைத்து, கையால் தீனி ஊட்டுங்கள். கண் தெரியாமல் பட்டினியில் சாகிறவைதான் அதிகம். வாய்க்குள் மஞ்சள் படலம் தெரிந்தால் மட்டும் அவசரம்.

கோழிக்கு முகம் வீங்கி மூக்கில் கெட்ட நாற்றம். எனக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக் மாத்திரை நாலு மிச்சம் இருந்தது, பாதி பாதியாகக் கொடுத்தேன். குறைந்திருக்கிறது. இன்னும் கொடுக்கலாமா? (வாசகர், திண்டுக்கல்)

வேண்டாம். அந்த நாற்றம் பாக்டீரியாவால் வரும் சளிக்கு உரியது. அதற்கு ஆன்டிபயாடிக் வேண்டியதுதான், ஆனால் எது, எத்தனை நாள் என்பதை மருத்துவர் எழுத வேண்டும். குறைந்த பிறகும் அந்தக் கோழி கிருமியைச் சுமந்துகொண்டு மற்றவற்றுக்குக் கொடுக்கும் என்பதால் தனியாகவே வையுங்கள். நான்கு மாத்திரையில் அரைகுறையாக அடங்கிய கிருமி அடுத்த முறை அந்த மருந்துக்கு மசியாது. கோலிஸ்டின் என்ற மருந்தைத் தீவனத்திலும் கோழி வளர்ப்பிலும் 2019-இல் மத்திய அரசு தடைசெய்தது ஏன் தெரியுமா? மனிதருக்குக் கடைசிக் கையாக வைத்திருந்த மருந்து அது. மாத்திரை கொடுத்த நாட்களில் அந்தக் கோழி இட்ட முட்டையை யார் சாப்பிட்டார்கள் என்று நீங்கள் எழுதவில்லை.

எங்கள் வீட்டில் மூன்றே கோழி. வெள்ளைக் கழிச்சல் தடுப்பு மருந்துக் குப்பி நூறு கோழிக்கானது என்கிறார்கள். மூன்றுக்காக ஏன் வாங்க வேண்டும்? (வாசகி, முசிறி)

மூன்றுக்காக வாங்க வேண்டாம். உங்கள் தெருவில் எத்தனை வீட்டில் கோழி இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறும் முன், எல்லோரையும் முந்தின ராத்திரியே கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். கரைத்த மருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்பதால், முதல் வீட்டில் காபி குடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். அதுவும் முடியாது என்றால், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நாட்டுக்கோழிக்கென்றே உருவாக்கிய குருணை மருந்து இருக்கிறது, தீனி போல் தூவினால் தானே தின்றுவிடும். கிடைக்குமா என்று மருந்தகத்தில் கேளுங்கள். நேரில் போகும்போது ஃபிளாஸ்க்கில் ஐஸ் போட்டுக் கொண்டுபோங்கள் அம்மா, பஸ்ஸில் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.